கொதிநீர் ஓடைகளில் ஒரு பேராசிரியர்

உயிர்கள் எவ்வளவு வெப்பத்தில் வாழும் என்ற கேள்விக்கு 1960களின் நடுப்பகுதிவரை நுண்ணுயிரியல் நூல்கள் தந்த விடை, இயற்கையை ஆராய்ந்து பெற்றது என்பதைவிட ஆய்வுக்கூடப் பழக்கத்திலிருந்து பிறந்தது என்பதே பொருந்தும். வெப்பத்தை விரும்பி வளரும் பாக்டீரியாக்களைத் தேடியவர்கள் மண்ணையோ எருவையோ ஊட்டச்சாறு நிறைந்த குடுவையில் இட்டு, 55 அல்லது 60 டிகிரி செல்சியஸில் நிறுத்திய வெப்பப் பெட்டிக்குள் வைத்தனர்; அந்தச் சூட்டில் விரைந்து பெருகியவை பெரும்பாலும் பாசில்லஸ் பேரினத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. வாழமுடியாத சூழலில் தடித்த உறைகொண்ட வித்துகளாகச் சுருங்கிக் கிடந்து, சூழல் திருந்தியதும் மீண்டும் முளைக்கும் இயல்புடைய இந்தப் பாக்டீரியாக்களே வெப்பவிரும்பி உயிர்களின் முழுத் தொகுதி என்று கருதப்பட்டது. புரதங்கள் அதற்கு மேற்பட்ட சூட்டில் முட்டையின் வெண்கருவைப் போலத் திரைந்துவிடும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தியாக இருந்ததால், பெட்டியின் முள்ளை 70க்குத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலோர்க்கு எழவில்லை.

இந்த நம்பிக்கையைத் தகர்த்தவர் அமெரிக்க நுண்ணுயிரியல் பேராசிரியர் தாமஸ் டி. பிராக். இன்று அவர் பெயர் சொல்லப்படும் இடங்களிலெல்லாம், மரபணுச் சோதனைகளுக்கு அடிப்படையான ‘தாக்’ நொதியின் பெயரும் உடன் வருகிறது. அந்த நொதியை அவர் பிரித்தெடுக்கவில்லை. அதனால் அவர் செல்வம் ஈட்டவும் இல்லை. அவர் செய்தது அதற்கு முந்தைய வேலை, ஒரு வகையில் அதைவிடப் பெரிய வேலை. நுண்ணுயிர் எங்கே வாழ்கிறதோ அங்கேயே சென்று, அது வாழும் நிலையிலேயே அதை அளக்கவேண்டும் என்ற அணுகுமுறையை அவர் விடாது பின்பற்றினார். தாக் நொதி அந்த அணுகுமுறையின் பல விளைவுகளுள் ஒன்று, அதுவும் எதிர்பாராத ஒன்று.

பிராக் 1926 செப்டம்பர் 10 அன்று ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். பதினைந்து வயதில் தந்தையை இழந்தபின், தாயுடன் அதே மாநிலத்தின் சிறுநகரான சில்லிக்காத்தேவுக்குக் குடிபெயர்ந்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில் கடற்படையின் மின்னணுப் பயிற்சியில் சேர்ந்து, போர் முடிந்ததும் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்று, 1949இல் இளநிலைப் பட்டமும் 1952இல் முனைவர் பட்டமும் பெற்றார். அவருடைய தொடக்க ஆய்வுகள் பூஞ்சைகளையும் ஈஸ்ட்களையும் பற்றியவை. பாக்டீரியாவியலில் அவர் முறையான பட்டம் எதுவும் பெறவில்லை. பட்டம் பெற்றபின் கலமசூ நகரில் இருந்த அப்ஜான் மருந்து நிறுவனத்தின் நுண்ணுயிர்க்கொல்லி ஆய்வுப் பிரிவில் ஐந்தாண்டுகள் பணியாற்றியபோதுதான், தொழிலுக்குத் தேவை என்பதால், பாக்டீரியாவியலைத் தாமாகவே கற்றுக்கொண்டார். பின்னர் கிளீவ்லாந்தின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்திலும், 1960 முதல் புளூமிங்டனில் உள்ள இண்டியானா பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராக இருந்தார். துறைக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பது அவருக்குக் குறையாக அமையவில்லை என்று துணிந்து கூறலாம். தாவரங்களை அவை வளரும் இடத்தில் பார்த்துப் பழகிய கண், பாக்டீரியாக்களைக் குடுவைக்குள் மட்டும் பார்த்துப் பழகிய கண்ணிலிருந்து வேறுபட்டிருந்தது.

அன்றைய பாக்டீரியாவியலின் அடித்தளம் ‘தூய வளர்ப்பு’ என்னும் முறை. நீரிலோ மண்ணிலோ கலந்து வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து, பிறவற்றின் கலப்பின்றி ஊட்டப்பொருளில் பெருக்குவதே தூய வளர்ப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் ராபர்ட் கோக் இதைச் செம்மைப்படுத்திய பிறகே, காசநோய்க்கும் காலராவுக்கும் காரணமான கிருமிகளைத் திட்டமாக இனங்காண முடிந்தது. ஆனால் நோய்க்கிருமியை அறிவதற்கு உதவிய இந்த முறை, ஏரியிலும் கடலிலும் ஊற்றிலும் நுண்ணுயிர்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு விடை தராது. குடுவையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியா, உணவு அருகிய கடல்நீரில் எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்பதைக் குடுவையிலிருந்து ஊகிக்க முடியாது.

பிராக் இந்த இடைவெளியைத் தமது ஆய்வுக்களமாக்கிக்கொண்டார். 1960களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைத் தீவொன்றில் உள்ள ஃப்ரைடே ஹார்பர் கடல் ஆய்வகத்துக்குக் கோடைக்காலங்களில் சென்று, கடற்பாசிகளின் மேல் மெல்லிய இழைகளாக ஒட்டி வளரும் லூக்கோத்ரிக்ஸ் என்ற பாக்டீரியாவை ஆராய்ந்தார். டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களுள் ஒன்றான தைமிடினில் கதிரியக்க ஹைட்ரஜனைப் புகுத்தி, அதைக் கடல்நீரில் சேர்த்து, பின்னர் அந்த இழைகளை ஒளிப்படப் பசையின் கீழ் வைத்தால், புதிதாக டி.என்.ஏ. உருவாக்கிய உயிரணுக்கள் மட்டும் கரும்புள்ளிகளாகத் தம்மைக் காட்டிக்கொடுக்கும்; எத்தனை விழுக்காட்டு அணுக்கள் எவ்வளவு நேரத்தில் கறுத்தன என்று எண்ணினால், அந்தப் பாக்டீரியா தன் இயற்கை இடத்தில் வளரும் வேகம் தெரியவரும். பாக்டீரியாவை இடம்பெயர்க்காமலே அதன் வாழ்க்கையை அளந்த இந்த உத்தி, பின்னாளில் ‘நுண்ணுயிர்ச் சூழலியல்’ என்று பெயர்பெற்ற துறையின் தொடக்கக் கருவிகளுள் ஒன்று. அத்துறைக்கான முதன்மையான பாடநூல்களுள் ஒன்றை 1966இல் அவரே எழுதினார்.

ஃப்ரைடே ஹார்பர் பயணத்தின் வழியில், 1964ஆம் ஆண்டுக் கோடையில், அவர் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைப் பார்க்க நேர்ந்தது. பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில் அமைந்து, 1872இல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்நிலம், ஒரு மாபெரும் எரிமலையின் மேல் அமைந்தது; நிலத்தடியில் உள்ள பாறைக்குழம்பின் வெப்பத்தால் சூடேறிய நீர், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளாகவும் நீர்பீய்ச்சிகளாகவும் ஆவித்துளைகளாகவும் சேற்றுக்குட்டைகளாகவும் அங்கே வெளிப்படுகிறது. கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த இடமாதலால், நீர் அங்கே 100 டிகிரியில் அல்லாமல் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊற்றின் வாயிலிலிருந்து வழிந்தோடும் நீர் ஓட ஓட ஆறுகிறது; ஆகவே சில மீட்டர் நீளமுள்ள ஓர் ஓடையிலேயே கொதிநிலை முதல் வெதுவெதுப்பு வரையிலான எல்லா வெப்பநிலைகளும் வரிசையாகக் கிடைக்கின்றன. அந்த வரிசைக்கேற்ப ஓடையின் படுகை மஞ்சள், செம்மஞ்சள், பச்சை, பழுப்பு என்று பட்டை பட்டையாக நிறம் மாறுவதைச் சுற்றுலாப் பயணிகள் ஆண்டாண்டாகப் படம் எடுத்துவந்தனர். அந்தப் பட்டைகள் தாதுப்பொருள்களின் நிறம் மட்டுமல்ல, நுண்ணுயிர்களின் அடர்ந்த படலங்கள் என்பதையும், இயற்கையே அமைத்துவைத்த ஓர் ஆய்வுக்கூடம் அங்கே திறந்து கிடக்கிறது என்பதையும் பிராக் கண்டுகொண்டார்.

1965 முதல் 1975 வரை ஒவ்வொரு கோடையிலும் அவர் தம் மாணவர்களுடன் அங்கே சென்று தங்கினார். பூங்காவின் மேற்கு வாயிலில் உள்ள வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் ஒரு சிறு ஆய்வகம் அமைக்கப்பட்டது. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மானியம் செலவுக்கு உதவியது. முதலில் அவர் கேட்டது எளிய கேள்விதான்: ஒவ்வொரு வகை உயிரும் எந்த வெப்பநிலையோடு நின்றுவிடுகிறது? நீரோரத்தில் பாசிப்படலங்களை மேயும் எஃபிட்ரிட் ஈக்களும் பிற விலங்குகளும் 50 டிகிரிக்குக் கீழேயே நின்றன. உட்கருவுள்ள அணுக்களைக் கொண்ட பாசிகளும் பூஞ்சைகளும் 60ஐ ஒட்டி நின்றன. சூரிய ஒளியால் உணவு சமைக்கும் சயனோபாக்டீரியாக்கள், அதாவது முன்னர் நீலப்பசும் பாசிகள் என்று அழைக்கப்பட்ட பாக்டீரியாக்கள், 73 டிகிரிவரை சென்றன; அதற்கு மேல் ஒளிச்சேர்க்கை எங்கும் காணப்படவில்லை. 73 டிகிரியே உயிரின் எல்லை என்று பலர் எண்ணியதற்குக் காரணமும் இதுதான். பச்சை நிறம் முடிந்த இடத்தில் உயிரும் முடிந்துவிட்டதாகக் கொண்டனர்.

பச்சைக்கு அப்பாலும் ஓடை வெறுமையாக இல்லை. பிராக் ஆக்டோபஸ் ஊற்று என்று பெயரிட்ட ஊற்றின் வாயருகே, 82 முதல் 88 டிகிரிவரை சூடுள்ள நீரில், இளஞ்சிவப்பு இழைகள் கற்றை கற்றையாக அசைந்துகொண்டிருந்தன. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்லியம் செட்செல் 1903இலேயே 89 டிகிரி நீரில் இத்தகைய இழைகளைக் கண்டதாக எழுதியிருந்தார். அறுபது ஆண்டுகள் அந்தக் குறிப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. பிராக் அத்துடன் நிற்கவில்லை. கண்ணாடித் தகடுகளை நூலில் கட்டிக் கொதிக்கும் ஊற்றுகளுக்குள் தொங்கவிட்டு, சில நாள் கழித்து எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவற்றின் மேல் பாக்டீரியாக்கள் படிந்து பெருகியிருந்தன. கொதிக்கும் நீரில் உயிர் வெறுமனே தாக்குப்பிடிக்கவில்லை, அதுவே உகந்த இடமென வளர்ந்துகொண்டிருந்தது. இந்தச் செய்தியை 1967இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர் வெளியிட்டார். நீர் திரவமாக இருக்கும் வரை உயிருக்கு வெப்ப எல்லை இல்லாமல் இருக்கலாம் என்ற அவரது கருத்து அன்று மிகையாகத் தோன்றியது. பின்னர் கார்ல் ஸ்டெட்டர் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் குழு ஆழ்கடல் வெந்நீர்த் துளைகளிலிருந்து எடுத்த பைரோலோபஸ் என்ற உயிர், அழுத்தத்தால் நீர் கொதிக்காதிருக்கும் அந்த ஆழத்தில் 113 டிகிரிவரை வளர்வதாக 1997இல் அறிவிக்கப்பட்டபோது, பிராக்கின் ஊகம் வீணானதல்ல என்பது தெளிவாயிற்று.

வளர்ச்சியின் வேகத்தை அளக்க அவர் கையாண்ட உத்தியும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஓடையில் படர்ந்த சயனோபாக்டீரியாப் படலம் எப்போதும் ஒரே அளவாகத் தோன்றுகிறது. ஆனால் புதிதாகப் பிறக்கும் அணுக்களும் ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படும் அணுக்களும் சமமாக இருப்பதாலேயே அந்தத் தோற்றம். ஒளி படாதபடி ஓடையின் ஒரு பகுதியை மூடிவிட்டால் பிறப்பு நின்றுவிடும், இழப்பு மட்டும் தொடரும். படலம் தேயும் வேகத்தை அளந்தால், மூடுவதற்கு முன் அது வளர்ந்த வேகம் அதுவே என்று கொள்ளலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனை, அவருடைய ஆய்வுமுறைக்குத் தக்க சான்று.

இளஞ்சிவப்பு இழைகளை ஆய்வகத்தில் வளர்ப்பதற்கு அவர் குழு எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. தெர்மோகிரினிஸ் என்ற பெயரில் அவை தூய வளர்ப்பாகக் கிடைத்தது 1998இல்தான். ஆனால் அந்த முயற்சியின் பக்கவிளைவாக வேறொன்று கிடைத்தது. 1966இல் இளநிலை மாணவராக அவரிடம் ஆய்வுப் பயிற்சி பெற்ற ஹட்சன் ஃப்ரீஸ், மஷ்ரூம் ஊற்று என்னும் மற்றோர் ஊற்றில் எடுத்த மாதிரியை 70 டிகிரி வெப்பத்தில் வைத்து, மஞ்சள் நிறமுடைய, வித்து உருவாக்காத ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இதில் இரண்டு செய்திகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. ஒன்று, வெப்பப் பெட்டியை வழக்கத்தைவிட உயர்ந்த சூட்டில் நிறுத்தியது. மற்றொன்று, ஊட்டச்சாற்றை வழக்கத்தைவிட மிக நீர்த்ததாக வைத்தது; ஊற்றுநீரில் உணவு மிகக் குறைவாதலால் அந்நீரில் வாழப் பழகிய இந்தப் பாக்டீரியாவுக்கு, ஏனைய ஆய்வகங்கள் பயன்படுத்திய செறிந்த சாறு தடையாகவே அமைந்திருக்கும். இரண்டும் சேர்ந்தே அதுவரை கண்ணில் படாத ஓர் உயிரை வெளிப்படுத்தின. தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிடப்பட்ட அதன் விவரிப்பு 1969இல் ‘பாக்டீரியாவியல் இதழ்’ வழியாக வெளிவந்தது, அதன் ஒய்.டி-1 என்னும் வகை, எந்த ஆய்வாளரும் கேட்டுப் பெறத்தக்க வகையில் அமெரிக்க மாதிரி வளர்ப்புச் சேமிப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டது.

இந்த அரிய உயிருக்கு யெல்லோஸ்டோன் வரை போகவேண்டிய தேவையே இல்லை என்பது அதே ஆய்வில் தெரியவந்த வேடிக்கை. இண்டியானா பல்கலைக்கழகக் கட்டடத்தின் வெந்நீர்க் குழாயிலும், பின்னர் வீடுகளிலும் சலவைக் கூடங்களிலும் உள்ள நீர்ச் சூடேற்றிகளிலும் இதன் உறவினங்கள் வாழ்வது கண்டறியப்பட்டது. பாக்டீரியாவியலாளர்கள் தம் கண்ணாடிக் கலங்களைக் கழுவிய நீரிலேயே அது இருந்திருக்கலாம். 55 டிகிரிப் பெட்டியும் செறிந்த சாறும் இருந்தவரை அது யாருக்கும் அகப்பட்டிருக்காது.

அடுத்த கேள்வி, இந்த உயிரின் புரதங்கள் ஏன் திரைவதில்லை என்பது. நொதி என்பது உயிரணுவுக்குள் நடைபெறும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம். அதன் திறன் முழுவதும் அமினோ அமிலச் சங்கிலி மடிந்து கொள்ளும் வடிவத்தில் இருக்கிறது, வடிவம் குலைந்தால் திறனும் போய்விடும். பாக்டீரியாவின் உள்ளே நொதிகளைக் காக்கும் தனிப்பொருள் ஏதேனும் இருக்குமோ என்ற ஐயம் அன்று இருந்தது. ஃப்ரீஸும் பிராக்கும் சர்க்கரையைச் சிதைக்கும் பாதையில் பங்குபெறும் ஆல்டோலேஸ் என்ற நொதியைத் தெர்மஸிலிருந்து பிரித்துச் சோதித்து, அணுவுக்கு வெளியிலும் அது உயர்வெப்பத்தைத் தாங்குவதை 1970இல் காட்டினர். நிலைப்பு நொதியின் கட்டமைப்பிலேயே இருக்கிறது என்பது இதன் பொருள். எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்களிடையே கூடுதலான பிணைப்புகளும், உட்புறம் இடைவெளியின்றி நெருங்கி அமைந்த மடிப்பும் இதற்குக் காரணங்கள் என்று பிற்கால ஆய்வுகள் விளக்கின.

வெப்பத்தோடு அமிலமும் சேர்ந்த ஊற்றுகள் பிராக்கை மேலும் ஈர்த்தன. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவுகோலில் 7 என்பது தூயநீரின் நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் பத்துப் பத்து மடங்காகக் கூடும். யெல்லோஸ்டோனின் கந்தக ஊற்றுகள் சிலவற்றில் இந்த அளவு 2 அல்லது 3. அத்தகைய இடங்களில் பி.எச். 4க்குக் கீழே சயனோபாக்டீரியாக்கள் இருப்பதே இல்லை என்பதையும், அங்கே பச்சையாகத் தெரிவது சயனிடியம் போன்ற உட்கருவுள்ள பாசிகளே என்பதையும் அவர் நிறுவினார். இண்டியானாவில் தானே எரிந்துகொண்டிருந்த நிலக்கரிக் கழிவுக் குவியல் ஒன்றிலிருந்து, அணுச்சுவரே இல்லாத தெர்மோபிளாஸ்மா என்ற உயிரை அவர் குழு 1970இல் அறிமுகப்படுத்தியது. 1972இல், கந்தகத்தை உயிர்வளியேற்றிக் கந்தக அமிலமாக்கி அதிலிருந்து ஆற்றல் பெறும் சல்ஃபோலோபஸ் வந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களுள் அவர் மனைவி கேத்தரினும் ஒருவர்.

இவ்விரண்டும் வகைப்பாட்டில் எங்கும் பொருந்தாமல் நின்றன. இவற்றின் அணுச்சவ்வில் இருந்த கொழுப்புகள் வேறெந்தப் பாக்டீரியாவிலும் காணப்படாத வகையில் பிணைக்கப்பட்டிருந்தன. இதன் பொருள் விளங்கியது, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கார்ல் வோஸ், ரைபோசோம் ஆர்.என்.ஏ. என்னும் தொன்மையான மூலக்கூறை ஒப்பிட்டு, பாக்டீரியாக்களுக்கும் உட்கருவுள்ள உயிர்களுக்கும் புறம்பாக மூன்றாவது ஒரு பெருங்கிளை உண்டு என்று 1977இல் அறிவித்த பிறகே. சல்ஃபோலோபஸும் தெர்மோபிளாஸ்மாவும் இன்று ஆர்க்கியா எனப்படும் அக்கிளையைச் சேர்ந்தவை என்பது விரைவில் உறுதியாயிற்று. பிராக் தாம் கண்டவை பாக்டீரியாக்கள் அல்ல என்பதை அறியாமலே புதிய உயிர்க்கிளையின் முதன்மையான சான்றுகளைத் துறைக்கு அளித்திருந்தார். தெர்மஸைவிட இதுவே அடிப்படை அறிவியலுக்கு அவர் தந்த பெரிய கொடை என்று கருத இடமுண்டு.

1971இல் அவர் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அங்கே பாக்டீரியாவியல் துறைத் தலைவராகவும் இருந்தார். யெல்லோஸ்டோன் ஆய்வுகளை 1978இல் ஒரு விரிவான நூலாகத் தொகுத்துவிட்டு, வளாகத்தின் கரையிலேயே விரிந்திருந்த மெண்டோட்டா ஏரியின் பக்கம் திரும்பினார். வயல்களிலிருந்தும் நகரிலிருந்தும் வந்துசேரும் பாஸ்பரஸ் போன்ற சத்துகளால் ஏரிநீர் கோடையில் பாசி மண்டிக் கெடுவதைப் பற்றிய அவரது நூல் 1985இல் வெளிவந்தது.

இதற்கிடையில் தெர்மஸ் அக்வாட்டிகஸ் தன் போக்கில் பயணம் செய்துகொண்டிருந்தது. 1976இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் சியென், டேவிட் எட்கர், ஜான் டிரேலா ஆகியோர், டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியை அதிலிருந்து பிரித்தெடுத்தனர். ஆர்ப்பாட்டமின்றி வெளிவந்த அக்கட்டுரை சில ஆண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1983இல் கலிஃபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி மல்லிஸ், பாலிமரேஸ் சங்கிலி வினை, சுருக்கமாகப் பி.சி.ஆர்., என்ற முறையை உருவாக்கினார். டி.என்.ஏ.வின் இரட்டை இழையை ஏறத்தாழ 95 டிகிரியில் சூடாக்கிப் பிரிப்பது, பின் ஆறவைத்து வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் சிறு தொடக்க இழைகளை ஒட்டவைப்பது, பாலிமரேஸைக் கொண்டு ஒவ்வோர் இழைக்கும் இணையிழை கட்டுவது என்று இந்தச் சுற்றைத் திரும்பத் திரும்ப நடத்தினால், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்றில் ஏறத்தாழ 107 கோடி நகல்கள் கிடைக்கும். இதில் ஒரு தொல்லை இருந்தது. தொடக்கத்தில் பயன்பட்டது மனிதக் குடலில் வாழும் எ. கோலை பாக்டீரியாவின் பாலிமரேஸ். ஒவ்வொரு முறை சூடேற்றும்போதும் அது அழிந்துவிடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கையால் சேர்க்க வேண்டியிருந்தது. தெர்மஸின் நொதியோ 95 டிகிரியிலும் தன் வடிவத்தை இழக்காமல், சுற்று முழுவதும் தாங்கியது. அந்தப் பாக்டீரியாவின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துத் ‘தாக்’ என்று வழங்கிய அந்த நொதியோடு நடத்திய பி.சி.ஆர். 1988இல் ‘சயின்ஸ்’ இதழில் விவரிக்கப்பட்டது. அதன்பின் குழாயைப் பூட்டி எந்திரத்துக்குள் வைத்துவிட்டுப் போகலாம் என்ற நிலை வந்தது. 1993இல் மல்லிஸுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

1991இல் பி.சி.ஆர். உரிமைகளைச் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கியது. பாக்டீரியாவைத் தந்த பூங்காவுக்கும், அதைக் கண்டெடுத்துச் சேமிப்பகத்தில் வைத்தவர்களுக்கும் அதில் பங்கில்லை. பிராக் காப்புரிமை கோரியதும் இல்லை. பூங்கா நிர்வாகம் விழித்துக்கொண்டு, 1997இல் டைவர்சா என்ற உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்துடன் பலனைப் பகிரும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, பொதுச் சொத்தை வணிகத்துக்குத் திறப்பதாக அதன்மேல் வழக்குத் தொடரப்பட்டது. இயற்கை வளத்தால் பெறும் ஆதாயத்தில் அந்த வளத்துக்கு உரிய நாட்டுக்கும் மக்களுக்கும் பங்கு வேண்டும் என்பது 1992இல் உருவான பல்லுயிர்ப் பன்னாட்டு உடன்படிக்கையின் கருத்து. இந்தியா அதையொட்டி 2002இல் சட்டம் இயற்றி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையத்தை நிறுவியது. அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டும் இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. தெர்மஸ் கட்டற்றுக் கிடைத்ததால்தான் சின்சினாட்டியிலும் சீட்டஸிலும் அந்தப் பணி நடந்தது என்பதையும் மறுக்க முடியாது. பங்கு கேட்பதும் கட்டற்ற பகிர்வும் ஒன்றோடொன்று மோதும் இந்த இடத்தில் எளிய நியாயம் இல்லை.

பிராக்கின் பெயரை மாணவர்கள் அறிந்தது பெரும்பாலும் வேறு வழியில். 1970இல் அவர் தனியொருவராக எழுதி வெளியிட்ட ‘நுண்ணுயிர்களின் உயிரியல்’ என்ற பாடநூல், நோய்க்கிருமிகளை மையமாகக் கொண்ட பழைய அமைப்பை விலக்கி, நுண்ணுயிர்களை உயிர்களாகவே கருதி விளக்கியது. அவரிடம் ஆய்வு செய்த மைக்கேல் மாடிகன் முதலானோர் பின்னர் அதைத் தொடர்ந்து புதுப்பித்தனர்; பிராக் விலகிய பின்னும் அவர் பெயரைத் தலைப்பில் தாங்கி வெளிவரும் அந்நூல் இந்தியப் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களிலும் பரிந்துரைக்கப்படுகிறது. வரலாற்றிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. நுண்ணுயிர்களை முதலில் கண்ட லீவன்ஹூக் முதலாகத் துறையின் மூலக் கட்டுரைகளைத் திரட்டி, பிறமொழிகளில் இருந்தவற்றை ஆங்கிலத்தில் தந்த தொகுப்பை 1961இலேயே வெளியிட்டார். 1988இல் ராபர்ட் கோக்கின் விரிவான வாழ்க்கை வரலாறும், ஓய்வுபெற்ற 1990இல் பாக்டீரிய மரபியலின் தோற்றம் பற்றிய நூலும் வந்தன. தூய வளர்ப்பின் போதாமையைத் தம் ஆய்வுகளால் காட்டிய ஒருவர், அம்முறையின் தந்தைக்கு வரலாறு எழுதியது முரண் அல்ல. எதன் எல்லையைக் கடக்கிறோம் என்பதை முழுதாக அறிந்தவர் அவர்.

ஓய்வுக்குப் பின்னான முப்பது ஆண்டுகளில் அவரும் கேத்தரினும் செய்த வேலையை ஒரு பேராசிரியரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. மேடிசனுக்கு மேற்கே பிளாக் எர்த் என்ற சிற்றூருக்கருகே அவர்கள் வாங்கியிருந்த ஏறத்தாழ 140 ஏக்கர் நிலம், ஒருகாலத்தில் ஓக் மரங்கள் இடைவெளிவிட்டு நிற்க, அவற்றின் கீழே புல்லும் பூச்செடிகளும் படர்ந்த நிலவகையைச் சேர்ந்தது. தொல்குடி மக்கள் மூட்டியும் மின்னல் விழுந்தும் அவ்வப்போது பரவிய நெருப்பே அந்த நிலவகையைக் காத்துவந்தது. தடித்த பட்டையுடைய ஓக் மரங்கள் நெருப்பைத் தாங்கும், புதர்கள் தாங்கமாட்டா. ஐரோப்பியர் குடியேறி நெருப்பை அடக்கியபின் புதர்கள் மண்டி, நிழல் கவிந்து, புல்லும் ஓக் கன்றுகளும் முளைக்க வழியின்றிப் போயின. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் புல்வெளி மீட்பில் 1930களிலிருந்தே முன்னோடி. பிராக் அந்த மரபின் அறிவைக் கொண்டு, புதர்களை வெட்டி, விதை திரட்டித் தூவி, திட்டமிட்டு ஆண்டுதோறும் எரியூட்டி, அந்நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். எந்த இனம் எங்கே எந்த நிலையில் தழைக்கிறது என்று கண்டு குறித்துவைக்கும் வேலை, எண்பது வயதுக்குப் பின்னும் நிற்கவில்லை. பிளெசன்ட் வேலி காப்பகம் என்னும் அந்நிலம் 2008இல் மாநில இயற்கைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

பயனற்றதாகத் தோன்றிப் பின்னர் பெரும்பயன் விளைத்த, அரசு மானியம் பெற்ற ஆய்வுகளுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் ‘பொன்வாத்து’ விருது 2013இல் பிராக்குக்கும் ஃப்ரீஸுக்கும் அளிக்கப்பட்டது. விருதின் பெயர் பொருத்தமானதே என்றாலும், பயன் விளையாதிருந்தாலும் அந்த ஆய்வின் மதிப்பு ஒரு சிறிதும் குறைந்திருக்காது. கொதிநீரில் உயிர் உண்டு என்பது தாக் நொதியின் துணை இல்லாமலே பெரிய செய்தி.

பிராக் 2021 ஏப்ரல் 4 அன்று, 94ஆம் வயதில் காலமானார். அந்த மாதத்தில் உலகெங்கும் கொரோனாத் தொற்றைக் கண்டறிய நடந்த ஆர்.டி.பி.சி.ஆர். சோதனைகளில், தீநுண்மியின் ஆர்.என்.ஏ. முதலில் டி.என்.ஏ.வாக மாற்றப்பட்டு, பின்னர் தாக் வகைப் பாலிமரேஸ்களால் பெருக்கப்பட்டது. மஷ்ரூம் ஊற்றிலிருந்து எடுத்த ஒய்.டி-1 வகை இன்றும் அமெரிக்கச் சேமிப்பகத்தில் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது.